பேசாமல் மொள்ளும் தண்ணீர்

ஈஸ்டர் ஞாயிறு விடியுமுன் ஓடைக்குப் போய்த் தண்ணீர் மொண்டு வருவது எங்கள் சொர்பிய இனப் பெண்களின் வழக்கம். போகும்போதும் வரும்போதும் வாய் திறக்கக் கூடாது. ஒரு வார்த்தை பேசினாலும் தண்ணீர் கெட்டுவிடும். அப்புறம் அது வெறும் வாயாடித் தண்ணீர், யாரும் சீந்த மாட்டார்கள். பேசாமல் கொண்டுவந்தால் முகத்துக்கும் நல்லது, மாட்டுக்கும் நல்லது. என் முகத்துக்கு ஐம்பத்தேழு வயது வரை பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. நான் மாடுகளுக்காகப் போகிறேன்.

இந்த வருடம் இந்த வாய்ப்பூட்டு எனக்கும் வோர்ஷா அக்காவுக்கும் தோதாகப் போயிற்று. ஜனவரியிலிருந்து நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அக்காதான் ஊர்த் தலைவி. என் உருளைக்கிழங்கு வயலை ஒட்டிப் போகும் ஊர்ப் பாதையைச் சுரங்கக் கம்பெனி கேட்டிருந்தது. பாதை நெடுக ஆழ்குழாய்க் கிணறு இறக்கி, நிலத்தடி நீரையெல்லாம் இறைத்துத் தள்ளினால்தான் பழுப்பு நிலக்கரியை வெட்ட முடியுமாம். அவர்கள் வெட்டுவார்கள், என் கிணறு வற்றும், வயல் காய்ந்து கருகும். பாதையைக் கொடுப்பதா என்று ஊர் மன்றம் ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை முடிவு செய்வதாக இருந்தது. ஐந்து பேரில் இரண்டு பேர் சரி என்றார்கள், இரண்டு பேர் கூடாது என்றார்கள். மிச்சம் அக்கா.

அக்கா கெட்டவள் இல்லை. பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டுத் தருகிறோம் என்று கம்பெனி சொன்னதும் மனசு இளகிவிட்டாள். எங்கள் ஓடையின் ஊற்றைப் பழைய சுரங்கம் பத்து வருடத்துக்கு முன்பே உறிஞ்சிவிட்டது. அதற்கு ஈடாகக் கம்பெனியே குழாய் போட்டு, தான் இறைக்கிற நீரை ஓடையில் விடுகிறது. பார்க்கிறவர்களுக்கு அது ஓடைதான். மீன்கூட இருக்கிறது.

"ஓடை ஓடுதா இல்லையா? அதே மாதிரி உன் வயலுக்கும் குழாய் போட்டு விடுவாங்க. எழுதியே தர்றாங்கடி" என்றாள் அக்கா.

அடுத்தவன் குழாயைத் திறந்தால்தான் என் கிழங்கு நனையும் என்றால் அது எப்படி என் வயல் என்று கேட்டேன். கேட்டேன் என்ன, கத்தினேன். அன்றோடு பேச்சு நின்றது.

ஆனாலும் ஈஸ்டர் தண்ணீருக்கு நாங்கள் சேர்ந்துதான் போவோம். ஐந்து மணிக்கு அவள் ஜாடியும் கையுமாக என் வாசலில் வந்து நின்றாள். நான் தலையை ஆட்டினேன். நடந்தோம். பக்கத்து வீட்டு யூரி வழக்கம்போல ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு எங்களைப் பேசவைக்கப் பார்த்தார். அக்காவின் உள்பாவாடை வெளியே தெரிவதாகச் சொன்னார். அறுபது வயதுக்காரி, குனிந்துகூடப் பார்க்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பை அடக்க முடியாமல் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கரையில் ஏற்கெனவே ஐந்து பெண்கள் இருந்தார்கள். ஒருத்தியும் குனிந்து மொள்ளவில்லை. கிட்டே போன பிறகுதான் தெரிந்தது, ஓடையில் தண்ணீர் இல்லை. சேறும் கல்லும்தான் கிடந்தன. நடுவே ஒரு சின்னக் குட்டையில் விரல் நீள மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று துள்ளிக்கொண்டிருந்தன. கம்பெனிக் குழாயிலிருந்து ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

ஏழு பேரும் ஜாடிகளோடு நின்றோம். யாரும் வாய் திறக்கவில்லை, பழக்கம் அப்படி. கிழக்கு வெளுத்தது. நான் அக்கா பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் என் முகமே எதையாவது சொல்லிவிடும் என்று பயம்.

கடைசியில் அவள்தான் பேசினாள். "பேசுங்கடி. கெட்டுப்போறதுக்குத் தண்ணி எங்க இருக்கு?"

போனை எடுத்தாள். ஊர்த் தலைவி என்று கம்பெனி அவளுக்குத் தனியாகக் கொடுத்திருந்த அவசர எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒலியைக் கூட்டினாள். பதிவு செய்த குரல் ஒன்று இனிமையாக ஈஸ்டர் வாழ்த்துச் சொன்னது. ஓடைக்கு நீர் விடும் குழாய் பராமரிப்புக்காக மூடப்பட்டிருக்கிறது, விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை தொடர்பு கொள்ளவும் என்றது. அக்கா மறுபடி அழுத்தினாள். மறுபடியும் வாழ்த்து.

"ஓடைக்கு லீவு விட்டுட்டாங்க" என்றாள் பால்பண்ணை மத்லேனா. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி, மீன்களைத் தன் ஜாடியில் அள்ள ஆரம்பித்தாள். நானும் இறங்கினேன். மீன்களை என் மாட்டுத் தொட்டியில் விடலாம் என்று சொன்னேன். மூன்று மாதத்துக்குப் பிறகு அவளிடம் நான் பேசிய முதல் பேச்சு அது.

அவள் நிமிராமலே கேட்டாள். "உன் கிணத்துல இப்ப எவ்வளவு தண்ணி கிடக்கு?"

"நாலு மீட்டர்க்கா."

"யாரும் திறந்துவிடாம, அதுவா வர்றதுதானே?"

"அதுவா வர்றதுதான்."

"இவங்க எழுதிக் குடுத்த காகிதத்தை நான் ஏழெட்டுத் தடவை படிச்சேன் லெய்னா. லீவு நாள் பத்தி அதுல ஒரு வரி இல்ல."

ஜனவரியிலேயே சொன்னேனே என்று நாக்கு நுனிவரை வந்தது. இன்னொரு மீனைப் பிடித்து அவள் ஜாடியில் போட்டேன். எனக்கு அழுகை வந்தது, சேற்றுக் கையாலேயே துடைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மாலை மன்றத்தில், பாதை கொடுக்கலாம் என்று இரண்டு கைகள் எழுந்தன. அக்கா தன் இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு, கொடுப்பதற்கில்லை என்று எழுதச் சொன்னாள். ஓடைக்குத் தண்ணீர் புதன்கிழமைதான் வந்தது.