கட்டு வேண்டாத காலை

காமினிக்குப் பத்தொன்பது வயதில் அக்குளில் முதல் கட்டி வந்தது. கீறிவிட்டால் ஆறும், பக்கத்திலேயே இன்னொன்று கிளம்பும். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பக்கமும் பரவிச் சீழ் வடிந்தது. சுத்தமில்லாததால்தான் வருகிறது என்று மாமியார் வீட்டில் பேசிக்கொண்டார்கள். அவள் கணவன் தயாளன் அதை நம்பவில்லை. தினமும் காலையில் புண்ணைக் கழுவி, மருந்து வைத்துக் கட்டிய பிறகுதான் ஹோட்டல் வேலைக்குக் கிளம்புவான். அவர்கள் மனம்விட்டுப் பேசுவதும் அந்த நேரத்தில்தான். தூக்கத்தில் அவன் கை பட்டு அவள் அலறியதிலிருந்து அவன் ஹாலில் படுத்தான்.

ஜார்ஜ் டவுனில் தோல் மருத்துவர் ஐனா விஷயத்தைச் சொன்னார். அழுக்கால் வருவதல்ல, மயிர்க்கால்களில் வரும் அழற்சி. மருந்தோடு லேசரால் அந்த வேர்களையும் சுட்டால் புதிய கட்டிகள் குறையலாம். தழும்பு போகாது, திரும்ப வராது என்ற உறுதியும் இல்லை.

லேசர் பட்டபோது சுடு எண்ணெய் தெறித்ததுபோல் இருந்தது. ஒவ்வொரு தடவையும் தயாளன் லீவு போட்டு வெளியே காத்திருந்தான். மாதங்கள் போயின. ஒரு நாள் காலை அவள் கையைத் தூக்க, அவன் குனிந்து பார்த்தான். எல்லாம் காய்ந்திருந்தது.

"இன்னிக்குக் கட்டு வேணாம்லா."

இருவரும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து அவன் காப்பியைக் குடித்துவிட்டு நேரே கிளம்பினான்.

ஒரு ஞாயிறு மதியம் அவள் அவனை அறைக்குள் கூப்பிட்டாள். "இங்கயே வந்து படுங்க. இப்பதான் ஒண்ணும் இல்லையே."

கட்டில் ஓரமாகப் படுத்தான். அவள் அவன் கையை எடுத்துத் தன்மேல் போட்டுக்கொண்டாள். கை விறைத்தே கிடந்தது.

"வலிக்குதா?"

"இல்லங்க."

கையை மெதுவாக எடுத்துக்கொண்டான். "மருந்து போடுறப்ப பயமே இல்ல காமினி. சும்மா தொடணும்னா, நீ கத்திருவியோன்னு இருக்கு."

"இனிமே கத்த மாட்டேன்."

"தெரியும். தெரிஞ்சும் முடியல."

"அருவருப்பா இருக்கா?"

"சத்தியமா இல்ல." அவன் கண் கலங்கியது. எழுந்து ஹாலுக்குப் போனான். அதன் பிறகு அவள் கூப்பிடவில்லை.

அடுத்த பரிசோதனைக்கு, "நீயே போயிட்டு வந்துருவல்ல?" என்றான். அவள் கிராப் டாக்சி பிடித்துத் தனியாகப் போனாள். தழும்புகளைத் தொட்டுப் பார்த்த ஐனாவுக்கு மகிழ்ச்சி. கணவர் வரவில்லையா என்று விசாரித்தார்.

"அவருக்கு வேலை, டாக்டர்," என்று சொல்லிவிட்டுக் காமினி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.