மோட்டார் ரூமில் செய்த பயிற்சி

மோகனூர் அப்புசாமிக்குப் பேச்சு குழற ஆரம்பித்தபோது, அவர் குடிக்கப் பழகிவிட்டார் என்றுதான் ஊரில் நினைத்தார்கள். கரும்பு வெட்ட வந்த ஆட்கள்கூட முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். பிறகு குடித்த தண்ணீர் மூக்கில் ஏறியது. சோறு தொண்டையிலேயே நின்றது. தசைகளை இயக்குகிற நரம்புகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகிற நோய் என்றார் சேலத்து டாக்டர். மருந்து கிடையாது, விழுங்குவதற்குப் பயிற்சி செய்து பார்க்கலாம் என்று சூரமங்கலத்துப் பயிற்சி நிலையத்துக்கு அனுப்பினார்.

அங்கே பயிற்சி கொடுத்த வசந்தாமணிக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். எதிரே உட்கார்ந்து நாக்கை நீட்டிக் காட்டி, "இதே மாதிரி நீட்டுங்கய்யா" என்றாள்.

அப்புசாமி நீட்டினார். எச்சில் வேட்டியில் வடிந்தது. மனைவி நல்லம்மாள் முந்தானையால் துடைத்துவிட்டாள். அவருக்கு உடம்பு கூசிப்போயிற்று.

கரண்டியின் பின்பக்கத்தை நாக்கால் தள்ள வேண்டும். மூச்சை அடக்கி எச்சிலை விழுங்கி, உடனே இரும வேண்டும். "கா, கா" என்று அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டில் செய்தால் யாராவது கேட்டுவிடுவார்கள் என்று கிணற்று மேட்டு மோட்டார் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மோட்டார் இரைச்சலில் அவர் குரல் வெளியே வரவில்லை.

பாடுபட்டு உரமேறிய உடம்பு அவருடையது. வேலை செய்யச் செய்யத்தான் வலு கூடும் என்று நம்பினார். வசந்தாமணி சொன்னதைப் போல இரண்டு பங்கு செய்தார். பொழுது சாய்வதற்குள் நாக்கு மரக்கட்டையாகிவிடும். ராத்திரிச் சோறு இறங்காது. நல்லம்மாள் அடுப்படிக்குப் போகிற நேரம் பார்த்து வட்டில் சோற்றை நாய்க்குக் கவிழ்த்தார்.

"இப்பத் தேவலீங்களா?" என்று அவள் கேட்டால் தலையாட்டுவார். அவள் அக்கம்பக்கத்திலெல்லாம் "அவிங்களுக்கு இப்ப நல்லா எறங்குதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வசந்தாமணியிடமும் அப்படியே தலையாட்டினார். அந்தப் பெண்ணின் முகம் மலர்வதைப் பார்த்தபின் உண்மையைச் சொல்ல நா எழவில்லை.

ஆடி கழிந்து மறுபடி சூரமங்கலம் போனபோது வசந்தாமணி தண்ணீர் டம்ளரை நீட்டினாள். "ஒரே ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்கய்யா."

பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே என்று பெரிய மடக்காகக் குடித்தார். புரை ஏறியது. கண் பிதுங்க இருமினார், முகம் கறுத்தது. வசந்தாமணி அவரை முன்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். சட்டை, வேட்டி, தரை எல்லாம் நனைந்தன. மூச்சு சீரானபின்தான் நல்லம்மாள் வாய் திறந்தாள்.

"தெனமும் தின்ன சோறெல்லாம் எங்கீங்க போச்சு?"

"நாய்க்குப் போட்டேன், புள்ள."

குழறலாக வந்தாலும் அவளுக்குப் புரிந்தது. அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. அவள் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நோயால் பட்ட வெட்கத்தைவிட இது கேவலமாக இருந்தது.

பயிற்சியை எவ்வளவு நேரம் செய்கிறார் என்று வசந்தாமணி கேட்டாள். சொன்னதைப் போல இரண்டு பங்கு என்று அவர் இரண்டு விரலைக் காட்டியதும் அவள் முகம் சுருங்கியது. "தப்பு என்னோடதுங்கய்யா. இந்த நோயில அசந்துபோன தசைக்கு வேலை கொடுத்தா வலு ஏறாது, இருக்கறதும் போயிரும். அதை மொதல்லயே அழுத்திச் சொல்லிருக்கணும். இனி கொஞ்சமாச் செய்யுங்க, அசதி வந்தா நிறுத்திருங்க. தெம்பா இருக்கறப்பச் சாப்பிடுங்க. கெட்டியாக் கரைச்சதாப் பாத்து, தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி முழுங்குங்க."

"நீ என்ன பண்ணுவ, அம்மணி" என்று சொல்ல நினைத்தார். பாதிதான் வந்தது.

மறுநாள் காலையில் நல்லம்மாள் ராகிக் கூழைக் கெட்டியாகக் கரைத்து எதிரே உட்கார்ந்தாள். முதல் வாய் இறங்கியது. இரண்டாவது கடைவாயில் வழிந்தது. அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் துடைக்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து அவராகவே திரும்பி, தாடையைத் தாழ்த்தி, வாயைத் திறந்தார்.