மூன்றாவது ரிப்பன்

அந்தத் தையல் இயந்திரத்தை அம்மாவுக்கு ஏற்கெனவே இரண்டு முறை தானமாகக் கொடுத்தாகிவிட்டது. மூன்றாவது முறை கொடுப்பதற்காகத் திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

முதல் முறை நிஜமாகவே கொடுத்தார்கள். கொடுத்தது ஊரில் உள்ள ஒரு சேவை கிளப். அதில் வருஷத்துக்கு ஒரு தலைவர். பதவி ஏற்கும் மேடையிலேயே அவர் யாருக்காவது எதையாவது வழங்கியாக வேண்டும், அதைப் படம் பிடித்து மேலிடத்துக்கு அனுப்பியாக வேண்டும். போன வருஷம் வர வேண்டிய புது இயந்திரம் வந்து சேரவில்லை. அவசரத்துக்கு அம்மாவுடையதையே எண்ணெய் போட்டுத் துடைத்து, சிவப்பு ரிப்பன் கட்டி, அம்மாவிடமே திரும்பக் கொடுத்தார்கள். படம் பிரமாதமாக வந்தது. அம்மா மேடையில் கூச்சமில்லாமல் நிற்பாள், சரியான நேரத்தில் கண்ணும் கலங்கும். இந்த வருஷ வசூல் முழுக்கக் கண் சிகிச்சை முகாமுக்குப் போய்விட்டதால், பழையபடி இவர்கள் வீட்டுக் கதவையே தட்டினார்கள்.

"குடுத்ததையே குடுக்கறாங்களேம்மா, உனக்குச் சிரிப்பு வரல?" என்று கேட்டாள் பொடிசு. பத்தாம் வகுப்பு வந்தும் அம்மாவுக்கு அவள் பொடிசுதான்.

"தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாது."

"மாட்டைத்தான் வருஷா வருஷம் அவிழ்த்து ஓட்டிட்டுப் போறாங்களே!"

அம்மா சிரித்தாள். பொடிசும் சிரித்தாள். அழைப்பிதழைப் பிரித்துப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. விழா அவள் பள்ளிக்கூட அரங்கத்தில். மேடையில் வாங்கிக்கொள்பவர்கள் 'தாயும் மகளும்' என்று அச்சடித்திருந்தது.

நல்ல மதிப்பெண் வாங்கியதால் அந்தப் பெரிய பள்ளியில் இடம் கிடைத்து ஆறு மாதமாகிறது. அம்மா துணிக்கடை வைத்திருக்கிறாள் என்று சொல்லியிருந்தாள். அந்த ஒரு பொய்தான். அதைச் சொல்லிய பிறகும் மாதக்கணக்கில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துத் திட்டில் தனியாகத்தான் சாப்பிட்டாள்.

புதன்கிழமை இரவு பதினோரு மணிக்கு, அம்மா தூங்கிய பிறகு, போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டாள். கிளப் செயலாளரின் எண் மனப்பாடம். இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் தகட்டில் தினமும் பார்ப்பதுதான். அவர் மருந்துக்கடைக்காரர்.

"மெடிக்கல்ஸ். சொல்லுங்க, என்ன மருந்து?"

"மருந்தில்ல அங்கிள். நான் தையல்காரம்மா பொண்ணு."

"அம்மாவுக்கு என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல, தூங்கறாங்க. அங்கிள், சனிக்கிழமை நான் மேடைக்கு வரலை." தாழ்ப்பாளை இன்னொரு முறை அழுத்திப் பார்த்தாள். "அது என் ஸ்கூல் அங்கிள். இப்பத்தான் நாலு பேரு என்னைக் கூட உக்காரச் சொல்லியிருக்காங்க. அவங்க பாத்துட்டா, மறுபடி அந்தக் குழாய்கிட்டதான் போய் உக்காரணும். பயமா இருக்கு. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. ப்ளீஸ்."

மறுமுனையில் இழுப்பறை ஒன்று மூடும் சத்தம் கேட்டது.

"நிகழ்ச்சி நிரல் அடிச்சாச்சேம்மா. ரெண்டு பேருன்னு போட்டாச்சு."

அவள் அழ ஆரம்பித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"சரி, சரி, அழாத. எங்க அண்ணன் பொண்ணு இருக்கா, உன் வயசுதான். வேற ஸ்கூலு. அவளை நிக்க வச்சுடலாம். ஒருத்தருக்கும் தெரியாது."

கேட்ட மருந்து இல்லையென்றால் அதே குணமுள்ள வேறொன்றை எடுத்துத் தருகிற குரல். பொடிசுக்கு உயிர் வந்தது. அன்றிரவு அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு திரும்பியபோது, இயந்திரம் இல்லாத மூலையில் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். மேடைக்கென்று பொடிசுக்குத் தைத்த நீலக் கவுனின் இடுப்பைப் பிரித்து, கையாலேயே தைத்துக்கொண்டிருந்தாள். அது பொடிசுக்குக் கச்சிதமாகத்தான் இருந்தது.

அம்மா நூலைப் பல்லால் கடித்தாள். "அந்தப் பொண்ணு உன்னைவிடக் கொஞ்சம் பூசினாப்புல இருப்பாளாம்."

"அம்மா..."

"சாப்பாடு மூடி வச்சிருக்கேன். ஆறிடப் போகுது."

அம்மா ஊசியில் மறுபடி நூல் கோத்தாள்.

சனிக்கிழமை அவள் நான்காவது வரிசையில், நாலு பேருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் ரிப்பன் கட்டிய இயந்திரம், அதன் பக்கத்தில் அம்மா, அம்மாவை ஒட்டி நீலக் கவுன். புதுத் தலைவர் பல் டாக்டர். மைக்கைப் பிடித்தபடி, "பொண்ணு எப்படிம்மா படிக்கிறா?" என்றார்.

"நல்லாப் படிப்பா சார்." அம்மா அந்தப் பெண்ணின் தோளில் கை வைத்தாள். "கணக்குல நூத்துக்கு நூறு. சொல்லிக் குடுக்க வீட்ல ஆளே இல்ல, அதுவா உக்காந்து படிக்கும்."

"பாவம்ல?" என்று பக்கத்துத் தோழி காதோரம் சொன்னாள்.

"ம்," என்றாள் பொடிசு. எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள்.

அம்மாவின் கண் இந்த முறை கலங்கவில்லை. படம் எடுப்பவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தும் கலங்கவில்லை. அம்மா பின்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காவது வரிசைப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

அம்மா இறங்கியதும், பாத்ரூம் போவதாகச் சொல்லிவிட்டு இவள் வெளியே ஓடினாள். கேட் அருகே இயந்திரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மா கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ம்மா."

அம்மா சட்டென்று அவளுக்குப் பின்னால் பார்த்தாள். யாரும் இல்லை. "உள்ள போ பொடிசு," என்றாள் தாழ்ந்த குரலில். "யாராவது பாத்துடப் போறாங்க."

அதில் கோபம் இல்லை. பொடிசு கோபத்துக்காகக் காத்து நின்றாள். அம்மா முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். வண்டி வளைந்து தெருவுக்குள் இறங்கியது.

"அம்மா!" என்று கத்தினாள்.

கேட் காவலாளி மட்டும் திரும்பிப் பார்த்தார். "யாரு பாப்பா அது? தெரிஞ்சவங்களா?"

"எங்கம்மா," என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டுக் கேட்டைச் சாத்தினார்.