வராத வாரத்தின் கையெழுத்து

விடியற்காலை ஐந்தரைக்கு ஆறு பேரும் கொசு மருந்து கலப்போம். பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு மூடி மருந்து, கூடவே கொஞ்சம் இருமல். தெளிப்பான் முதுகில் ஏறியதும் அதன் பட்டை பழைய தழும்பைத் தேடி உட்கார்ந்துகொள்ளும். பிறகு ஆளுக்கு நூறு வீடு. போன மாதம்வரை அறுபதுதான். கொசு பெருகிவிட்டதால் காண்ட்ராக்டர் ஆளைக் குறைத்து வீட்டைக் கூட்டினார்.

ஒவ்வொரு வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் ஓர் அட்டை தொங்கும். தொட்டி, டிரம், பூச்சட்டி எல்லாம் பார்த்துவிட்டு வாராவாரம் அதில் கையெழுத்துப் போடவேண்டும். நூறு வீட்டில் பார்க்க ஏது நேரம்? கையெழுத்து மட்டும் போட்டோம். காண்ட்ராக்டரும் அதைத்தான் எண்ணினார். கொசுப்புழுவை எண்ண யாரையும் வேலைக்கு வைக்கவில்லை. டார்ச் கொடுத்தார்கள், பேட்டரி கொடுக்கவில்லை. அதையும் தினமும் இடுப்பில் செருகி வந்தவர் ஒருவர்தான். அதனால் அவர் டார்ச் அக்கா.

அக்காவின் வீடும் அவருடைய நூறில் ஒன்று. தன் வீட்டுக்குத் தானே சோதனைக்குப் போவானேன் என்று, மழைக்காலம் முழுவதற்குமான கையெழுத்தை ஒரே நாளில் போட்டு முடித்திருந்தார். அந்தத் தெருவிலேயே குறையில்லாத அட்டை அதுதான்.

போன வாரம் அக்காவின் மகளுக்குக் காய்ச்சல். நான்காம் நாள் ஈறில் ரத்தம். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாற்றுத்துணி எடுக்க அக்காவின் வீட்டுக்குப் போன நாங்கள், மாடிப்படிக்கு அடியில் மூடியில்லாத டிரம்மைப் பார்த்தோம். தண்ணீரே நெளிந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா அழவில்லை. “நான் போட்ட கையெழுத்துதானே,” என்றார்.

எங்களில் புகை மெஷின் பிடிக்கும் மாமா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “மத்த வீட்ல எல்லாம் யாரு போட்டதாம்?”

மறுநாள் அக்கா வீட்டு அட்டையைக் காண்ட்ராக்டர் மேசைமேல் வைத்தோம். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நல்லாத்தானே இருக்கு. ஒரு வாரம்கூட விடல.”

“வராத வாரத்துக்கும் இருக்கு சார்,” என்றார் மாமா. இனிப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டோம், ஆளுக்கு முப்பது வீடுதான் ஆகும், பேட்டரி வேண்டும் என்று சொன்னோம்.

“கையெழுத்துப் போடறதுக்கு எதுக்குய்யா வெளிச்சம்? நாளைக்கு நூறு முடியலன்னா வேற ஆளு வரும்.”

வந்தது. மறுநாள் விடியலில் தெருமுனையில் நான்கு புதுமுகங்கள், முதுகில் எங்கள் தெளிப்பான்கள். எங்களிடம் சொந்தக் காசில் பேட்டரி போட்ட ஆறு டார்ச்சுகள். மகள் இன்னும் கண் திறக்கவில்லை. புருஷனைக் கட்டிலருகே உட்காரவைத்துவிட்டு அக்கா வந்திருந்தார். “இந்தத் தெருவுல இன்னும் பதினோரு வீட்ல என் கையெழுத்து இருக்கு,” என்றார்.

முதல் வீட்டு டிரம்முக்குள் வெளிச்சம் அடித்தார்.

“இருக்கு. கவுத்துங்க.”

தள்ளினோம். டிரம் அசையவில்லை. புதியவர்களில் ஒருவர் சற்று நேரம் எட்டிப் பார்த்தார். பிறகு முதுகிலிருந்ததைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு வந்து விளிம்பைப் பிடித்தார். டிரம் சாய்ந்தது.

அட்டையில் யாரும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. மாடியில் இன்னொரு தொட்டி இருந்தது.