தொண்ணூற்றெட்டு விழுக்காடு

அழிக்கும் கட்டளையை அடித்து என்டர் தட்டிய பிறகுதான் எந்த ஃபோல்டரில் நிற்கிறோம் என்று அவள் பார்த்தாள். கணினி தானே எழுதிவைக்கும் பழைய லாக் கோப்புகள் குவிந்த ஃபோல்டர் இல்லை அது. பரிசோதனைக்கூடத்தின் முடிவுகள் இருந்த ஃபோல்டர்.

கூடத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள் என்பதால், எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கில் நுழைந்திருந்தாள். ரூட்டிடம், கணினியை இயக்கும் லினக்ஸ் ‘நிச்சயமா?’ என்று கேட்பதில்லை. சொன்னதைச் செய்துவிட்டு வாயை மூடிக்கொள்ளும்.

முன்னூற்று நாற்பது பேரின் ரத்தப் பரிசோதனை, எண்களும் செல் படங்களுமாக, ஒரே பெரிய கோப்பு. மாலை ஆறு மணிக்கு மருத்துவர்களுக்குப் போக வேண்டியது. அந்த ரத்தக் குப்பிகளைக் காலையிலேயே எரித்துவிட்டார்கள். தினமும் தனியாக நகலெடுத்து வைக்கும் பேக்கப்பும் கிடையாது. டிஸ்க் நிரம்பி அது நின்றுபோய் இரண்டு மாதம் ஆகிறது. அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. அதற்கு இடம் பண்ணத்தான் இன்றைக்கு அழிக்கவே உட்கார்ந்தாள்.

கை பழக்கதோஷத்தில் டிஸ்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்டு வைத்தது. தொண்ணூற்றெட்டு விழுக்காடு நிரம்பியிருக்கிறது என்று பதில் வந்தது. அழிப்பதற்கு முன்பும் அதே தொண்ணூற்றெட்டு.

அவள் மூச்சை நிறுத்திக்கொண்டு அந்த எண்ணையே பார்த்தாள். இத்தனை பெரிய கோப்பு போயும் இடம் காலியாகவில்லை. அப்படியென்றால் போனது பெயர் மட்டும். கீழ்த்தளத்துச் சர்வரில், ரத்தக் கருவியிலிருந்து முடிவுகளை வாங்கி எழுதும் புரோகிராம் இன்னும் அந்தக் கோப்பைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கிறது. பிடி இருக்கும்வரை லினக்ஸ் அதை உண்மையில் அழிக்காது. புரோகிராம் நின்றால் கதை முடிந்தது.

ஓடும் புரோகிராம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைத் தேடிப் பிடித்து, அதன் வழியாகவே கோப்பைத் தன் கணினிக்கு நகலெடுக்கத் தொடங்கினாள். நெட்வொர்க் ஆமையாக நகர்ந்தது. ஏழு விழுக்காடு. எட்டு.

இன்டர்காம் அடித்தது. கீழே இருந்து சுவிட்ச் அண்ணன். பிரிண்டர், ஏசி, எது மக்கர் பண்ணினாலும் அணைத்துப் போடுவார். தன் மாமியாருக்குத்தான் சுவிட்ச் எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை என்று ஊழியர்கள் கிண்டல் செய்வார்கள்.

“டிஸ்க் ஃபுல்லுன்னு செவப்பா காட்டுது பாப்பா. சர்வர ஒருவாட்டி ஆஃப் பண்ணிப் போடறேன், சரியாயிடும்.”

சரியாகித்தான் போகும். பிடி விட்டுப்போய் இடம் காலியாகும், எச்சரிக்கை மறையும், அவர் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்வார். வேண்டாம் என்றாள். ஏன் என்றார். அவர் பக்கத்தில் பரிசோதனைக்கூடத்தின் தலைவி டாக்டரம்மாவும் என்னவென்று கேட்பது காதில் விழுந்தது. அப்டேட் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். போன வாரம் அப்படிச் சொன்னபோது இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு பிளக்கையே பிடுங்கியவர் அவர்.

“தொடாதீங்கண்ணே. ரிசல்ட் ஃபைல நான் அழிச்சிட்டேன். அந்த சர்வர் ஓடுற வரைக்கும்தான் அது உசுரோட இருக்கு.”

கீழே ரிசீவர் கை மாறியது.

“எவ்ளோ நேரம் ஆகும்?” டாக்டரம்மா.

“இருபது நிமிஷம், மேடம்.”

“பேக்கப் இருக்குல்ல?”

இருக்கு என்றால் அந்த அம்மாள் நிம்மதியாகப் போய்விடுவார்.

“இல்ல மேடம். ரெண்டு மாசமா இல்ல.”

திட்டு எதுவும் வரவில்லை. பிளக் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள், ஒருவரையும் அண்டவிடாதீர்கள் என்று அவர் அண்ணனிடம் சொல்வது கேட்டது. முடிகிற நேரத்துக்கு மேலே வருகிறேன் என்று இவளிடம் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நாற்பது. அறுபத்தொன்று. எண்பதில் ஒரு நிமிடம் அசையாமல் நின்றது. அந்த ஒரு நிமிடத்தில் வேலை, வாடகை, யாரென்றே தெரியாத முன்னூற்று நாற்பது பேர் என்று எல்லாம் மனதில் வந்து போயின. பிறகு நகர்ந்தது.

நூறு ஆனதும் கோப்பைத் திறந்து எண்ணிப் பார்த்தாள். முன்னூற்று நாற்பதும் இருந்தன. இன்னொரு முறை எண்ணினாள். வேறு இரண்டு கணினிகளிலும் போட்டு வைத்தாள்.

படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. எழுந்து, கோப்பு திறந்திருந்த திரையை வாசல் பக்கம் திருப்பி வைத்தாள்.