டெல்பினைச் சுற்றி மூன்றடி

பயிற்சி முடிந்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, டெல்பினுக்கும் மற்ற மனிதர்களுக்கும் நடுவே மூன்றடி இடைவெளி விழுந்தது. பிறகு டேப் வைத்தே அளந்து பார்த்தார்கள், சரியாக மூன்றடி. திரேஸ்புரம் மினி பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டம். அவளைச் சுற்றி மட்டும் கட்டில் போடலாம்போல வெற்றிடம். கண்டக்டர் டிக்கெட்டைச் சுருட்டி எறிந்தார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று புழுக்கம் வேறு.

டெல்பின் கடலோரத்து முதியோர் இல்லம் ஒன்றின் மேலாளர். இருபத்தாறு வருஷம் குளிப்பாட்டி, சோறூட்டி, மலம் அள்ளி அந்த நாற்காலிக்கு வந்தவள். சுகாதார, சமூகப் பராமரிப்பு மேலாளர்களுக்கான திறன் மேம்பாட்டுப் பயிற்சிக்குப் போகாவிட்டால் இல்லத்தின் உரிமம் புதுப்பிக்கப்படாது என்று தபால் வந்ததால் போனாள். ஏசி ஹோட்டலில் ஐந்து நாள், நாற்பது மேலாளர்கள், சென்னையிலிருந்து சிவப்பிரகாஷ் என்ற பயிற்றுநர், முந்நூற்றுப் பன்னிரண்டு ஸ்லைடுகள். பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கக் கற்றார்கள். பாடத்திட்டத்தில் இல்லாத திறன் அது. நான்காம் நாள் தலைப்பு 'தொழில்முறை இடைவெளி'. நோயாளியிடம் ஒட்டாதே, உருகாதே, மூன்றடி தள்ளி நின்று நிர்வகி. ஆளாளுக்குச் சாக்பீஸால் தன்னைச் சுற்றி வட்டம் போட்டு உள்ளே நின்றார்கள். கடைசி நாள் கருத்துப் படிவத்தில் இருபது கேள்விகள். பஸ் அவசரத்தில் நாற்பது பேரும் வழக்கம்போல் வாசிக்காமல், 'முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்' கட்டங்களில் மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தார்கள். 'கற்றது வாழ்நாள் முழுதும் என்னோடு இருக்கும்' என்பது பதினேழாவது.

இல்லத்தில் மற்றவர்கள் சமாளித்துக்கொண்டார்கள். வில்பிரட்டுக்கு அது முடியவில்லை. எண்பத்தோரு வயது. சங்கு குளித்துக் குளித்துக் காது போயிருந்தது, சர்க்கரையில் கண்ணும் போயிருந்தது. வேளாவேளைக்குத் தன் மணிக்கட்டை இரண்டு தடவை அழுத்தும் டெல்பினின் கை ஒன்றுதான் வெளியுலகத்திலிருந்து அவருக்கு வரும் சேதி. அது வராமல் வாயைத் திறக்கமாட்டார். இப்போது அவள் ஓரடி முன்னால் வைத்தால் கட்டில் கிரீச்சென்று ஓரடி பின்னால் போனது. கட்டில் சுவரில் முட்டியபின் அவள் கை கண்ணாடியில் பட்டதுபோல் நின்றது.

"ஏளா, டெல்பினு செத்துட்டாளா? சொல்லித் தொலைங்களேன்!" என்று அவர் கத்தினார். கஞ்சிக் கிண்ணத்தோடு நின்ற உதவியாளர் ஜெஸ்மி, "இங்கனதான் நிக்காவ தாத்தா, மூணடியில!" என்று திருப்பிக் கத்தினாள். கேட்கவா போகிறது.

மூன்றாம் நாள் டெல்பின் சிவப்பிரகாஷுக்குப் போன் செய்தாள்.

"மேடம், நாற்பதுக்கு நாற்பது! எந்த மாவட்டத்துலயும் இப்படி ரிசல்ட் வரல."

"சார், மனுஷன் சாவக் கெடக்காரு."

"அடுத்த நிதியாண்டுல புத்தாக்கப் பயிற்சி இருக்கு. உங்க பேரப் போட்டுடறேன்."

ஆறாம் நாள் டிரிப்ஸ் ஏற்றவும் நரம்பு அகப்படவில்லை. இன்னும் இரண்டு நாள் தாங்கினால் பெரிது என்றார் டாக்டர். டெல்பின் ஆக்சிஜன் சிலிண்டரைச் சுவரோடு கட்டியிருந்த ஐந்தடி நைலான் கயிற்றை அவிழ்த்து, ஒரு நுனியைக் கிழவர் மணிக்கட்டில் கட்டச் சொல்லி ஜெஸ்மியிடம் எறிந்தாள். மறுநுனியைப் பிடித்து இரண்டு தடவை சுண்டினாள். வில்பிரட் தலையைத் தூக்கினார். சங்கு குளிக்க அவர் போன வள்ளத்தில், மேலே கயிறு பிடிப்பவன் இரண்டு தடவை சுண்டினால், ஆள் இருக்கிறேன், பயப்படாதே என்று அர்த்தம்.

"மேலதான் இருக்கியாளா? இதச் சொல்ல ஆறு நாளா?" என்றவர் வாயைத் திறந்தார். ஒரு கரண்டி உள்ளே போனதும், "கஞ்சியில உப்பு பத்தல" என்றார்.

மூன்று மாதத்தில் நாற்பது மேலாளர்களும் கயிறும் கையுமாக இருந்தார்கள். அதற்குத் 'தொடர்புப் பாலம்' என்று பெயரிட்டுச் சுற்றறிக்கை வந்தது. மேலாளருக்கு மஞ்சள், செவிலியருக்கு நீலம். கயிறு பிடிக்க இரண்டு நாள் பயிற்சியும் கட்டாயம். டெல்பின் போய் உட்கார்ந்தாள். முடிச்சுத் தேர்வில் அறுபத்திரண்டு மதிப்பெண்.

வில்பிரட் மேலும் இரண்டு வருஷம் ஏழு மாதம் சாப்பிட்டார். பெரிய வியாழன் மதியம் டாக்டர் நாடி பார்த்து, முடிந்தது என்று நேரம் குறித்த பிறகு, கயிறு ஒரு தடவை சுண்டியது. ஒன்று என்றால் தூக்கு என்று அவர்தான் சொல்லிவைத்திருந்தார். டெல்பின் இழுத்தாள். ஐந்தடிக் கயிறு அவர் மணிக்கட்டிலிருந்து வந்துகொண்டே இருந்தது, ஈரமாக, பாசி வாசனையோடு. ஜெஸ்மி சுருட்டிச் சுருட்டி வாளியில் போட்டாள்.

"கை செவந்துட்டுக்கா. நான் மாத்திப் பிடிக்கட்டா?"

"வேண்டாம்ளா. என்னைய நம்பில்லா எறங்கியிருக்காரு."

சாயங்காலம் நுனி வந்தபோது முடிச்சு அவிழ்ந்திருந்தது. அளந்ததில் பதினொரு பாகம், அதாவது அறுபத்தாறு அடி. அவர் சங்கு குளித்த இடத்து ஆழம் அதுதான் என்று, அடக்கத்துக்கு வந்த அவர் மச்சான்காரர் சொன்னார். இல்லத்தில் இப்போது அதில்தான் துணி காயப்போடுகிறார்கள். எந்த வெயிலுக்கும் அந்தக் கயிறு காய்வதில்லை. அதனால் போர்வைகளுக்கு மட்டும் வேறு கொடி கட்டியிருக்கிறார்கள்.