சிரிலின் பச்சைக் கார்

பழைய பந்தயக் கார்களைப் பிரித்துச் சீராக்குவதில் பேர் பெற்ற டெஸ்மண்ட் பார்கிட்டர் வந்தபோது, மேவிஸ் தோர்லி அடுக்களையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். 1961, ஜூன் மாதம். அவளுடைய கணவன் சிரிலின் பச்சைக் காரை அவர்தான் வாங்கியிருந்தார்.

இருவரும் சேர்ந்து கட்டிய கார் அது. இஞ்சின் அவன் வேலை; ஸ்டியரிங்கும் பிரேக்கும் அவள் வேலை. 1936இல் ஒரு பந்தயத்தில், புரூக்லேண்ட்ஸ் பந்தயப் பாதையின் சாய்ந்த வளைவில் அது விளிம்பைத் தாண்டிப் பறந்தது. ஓட்டிய சிரில் இறந்தான்; அவனுக்கு முப்பத்தொரு வயது. முந்தின நாள் விருந்தில் அவன் குடித்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். போதை தெளியாமல் ஓட்டினான் என்று ஊரே பேசியது. அவனுடைய தாய் நொறுங்கிய காரைக் களஞ்சியத்தில் தார்ப்பாய் போட்டு மூடிவைத்து, யாரையும் தொட விடவில்லை. போன குளிர்காலத்தில்தான் அவள் இறந்தாள்.

"காரோட வரலாற எழுதிட்டிருக்கேன், மிஸஸ் தோர்லி," என்றார் டெஸ்மண்ட். "ஸ்டியரிங்கப் பிரிச்சேன். நட்டு கழண்டு கிடந்துச்சு. அது கழலாம இருக்கக் குறுக்க ஒரு பின் மாட்டணும். துளையில உடைஞ்ச துண்டுகூட இல்ல. அத யாரும் மாட்டவே இல்ல."

மேவிஸின் கை கிண்ணத்திலேயே நின்றது.

"நான்தான் மாட்டிட்டிருந்தேன். 'மேவி, கொடி காட்டப் போறான், இன்னும் எவ்வளவு நேரம்?'னு அவர் கத்தினார். 'முடிஞ்சுது, போங்க'ன்னேன். முடியல. சாயங்காலம் மேலங்கியக் கழட்டுறப்ப பாக்கெட்டுல அந்தப் பின் இருந்துச்சு."

"யார்கிட்டயும் சொல்லலியா?"

"வாய் வரல. குடிகாரன்னாங்க, கேட்டுக்கிட்டு சும்மா இருந்துட்டேன். அவங்கம்மா வெக்கத்துல சர்ச்சுக்குப் போறதையே விட்டுட்டாங்க. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு எனக்குப் புட்டிங் செஞ்சு அனுப்புவாங்க. கூடவே ஒரு சீட்டு. 'என் பிள்ளை உன்னை இப்படி ஆக்கிட்டானே, மன்னிச்சுடும்மா'ன்னு."

"இரும்பு தானா உடைஞ்சுபோச்சுன்னு எழுதிடறேன். யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் டெஸ்மண்ட்.

"வேணாம். நடந்தத எழுதுங்க. என் பேரப் போட்டே எழுதுங்க."

செப்டம்பரில் கார் கண்காட்சிக்கு வந்தது. அதன் வரலாறு, மேவிஸின் பேரோடு, பக்கத்திலேயே ஒரு பலகையில் இருந்தது. சிரிலோடு பந்தயம் ஓட்டிய ஒருவர் அதை நின்று படித்தார்; மேவிஸைப் பார்த்தும் பார்க்காதவர்போல் நகர்ந்து போனார்.

மறுநாள் அந்தப் பலகையின் வாசகத்தை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு அவள் மாமியாரின் கல்லறைக்குப் போனாள். சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள். முதல் வரிக்கு மேல் குரல் எழவில்லை.